லியோட்டாவுக்குத் தெளிவில்லை

எங்கள் சபையில் கை தூக்கி ஓட்டுப் போடும் வழக்கம் கிடையாது. கூரைக்குத் தகரம் மாற்றுவதானாலும் சரி, போதகரை வைப்பதானாலும் சரி, எல்லாருக்கும் மனம் ஒன்றாக வேண்டும். கூட்டத்தை நடத்தி முடிவை எழுதுகிற எழுத்தர் வில்பர் பின்ஃபோர்ட் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "நண்பர்களே, தெளிவா?" என்று கேட்பார். "தெளிவு", "தெளிவு" என்று அங்கங்கே முனகல் கேட்கும். ஒரே ஒரு ஆள் "எனக்குத் தெளிவில்லை" என்று சொல்லிவிட்டால் போதும், காரியம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் பரிசுத்த ஆவியையே குறுக்கு விசாரணை செய்த மாதிரி. ஜெபம் பண்ணிக்கொண்டு அடுத்த மாதக் கூட்டம் வரை காத்திருக்க வேண்டும். ஒருமுறை கழிப்பறைக் கதவுக்கு என்ன வர்ணம் அடிப்பது என்று ஒரு கோடை முழுக்கக் காத்திருந்தோம்.

அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் லியோட்டா ஹாக்கெட் தன் ஓரகத்தியின் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டாள்.

ஹாக்கெட் வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர், ஆர்வல், மெர்ல். அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்துத் தென்மேற்கு மூலையில், மரம் என்று சொல்ல ஒன்றுமில்லாத சமவெளியில், இருவருக்கும் ஒரே கோதுமைக் காடு, ஒரே அறுப்பு மெஷின், ஒரே மாட்டுத் தொழுவம். வீடுதான் இரண்டு. முற்றத்தின் இந்தப் பக்கம் மூத்தவன் வீடு, அந்தப் பக்கம் இளையவன் வீடு. லியோட்டா மூத்தவன் ஆர்வலின் மனைவி. நான் கல்யாணம் கட்டாதவன், அவர்களுக்கு அறுவடைக்கு லாரி ஓட்டுகிறவன், ஞாயிறு மதியம் லியோட்டா வீட்டில் சாப்பிடுகிறவன். என் எதிரில் சண்டை போட அவர்கள் வெட்கப்பட்டதே இல்லை. எனக்குத் தெரியாததை ஆர்வல் சொன்னான். அவன் விட்டதை லியோட்டாவே சொன்னாள்.

எங்கள் சபையாரைக் குவேக்கர் என்பார்கள். லியோட்டா பழைய குவேக்கர் வம்சம். பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலிருந்து நண்பர்கள் சபை. ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் பட்டதில்லை, நற்கருணை ரசம் நாக்கில் பட்டதில்லை. அதெல்லாம் உள்ளே நடக்க வேண்டிய காரியம் என்பது எங்கள் போதனை. பாட்டும் பிரசங்கமும் முடிந்தபின் ஒரு மௌன நேரம் உண்டு. யாரை ஆவியானவர் எழுப்புகிறாரோ அவர் எழுந்து பேசலாம். முன்கூட்டித் தயார் செய்துகொண்டு வரக்கூடாது. வாய்க்கு வந்ததை உளறவும் கூடாது. கொடுக்கப்பட்டதைத்தான் பேச வேண்டும். லியோட்டாவுக்குச் சிறுபிள்ளையிலிருந்து ஒரே ஆசை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், தனக்கு ஒரு வார்த்தை கொடுக்கப்பட வேண்டும். தலை நரைத்துவிட்டது. கொடுக்கப்படவில்லை. எந்த ஞாயிறும் அவள் எழுந்ததில்லை.

இந்த நிலைமையில்தான் மெர்ல் நாற்பது வயதுக்கு மேல் போய் நேடினைக் கட்டிக்கொண்டு வந்தான். பட்டணத்து அழகு நிலையத்தில் முடி சுருட்டிவிடும் வேலையில் இருந்தவள். மெதடிஸ்டுச் சபைப் பெண், குழந்தையிலேயே ஞானஸ்நானத் தண்ணீர் தெளித்தாகிவிட்டது. உதட்டுச் சாயத்தோடு சபைக்குள் வந்தாள். வந்த மூன்றாவது ஞாயிறே மௌன நேரத்தில் எழுந்தாள். பெற்ற தாயைப் பிள்ளைகள் கைவிட்டதைப் பற்றி ஏதோ நாலு வாக்கியம் பேசினாள். அவ்வளவுதான், வில்பர் பெரியவர் கைக்குட்டையை எடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து ஏழு வருஷம். நேடின் எழுந்தால் சபை அழும். லியோட்டா முன்வரிசையில் பியானோ பக்கத்தில் உட்கார்ந்து, யார் யார் மூக்கைச் சிந்துகிறார்கள் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள்.

"அந்தப் பின்வரிசை எல்மாவுக்கு எதைக் கேட்டாலும் அழுகை வரும், விடு," என்பாள் சாப்பாட்டு மேஜையில். "ஆனா நீ ஏன் அழுதே ஆர்வல்? உன் அம்மா செத்தப்போகூட நீ அழல."

"தூசி," என்பான் ஆர்வல்.

"சபைக்குள்ள ஏது தூசி? நான்தானே சனிக்கிழமை பெருக்கறேன்!"

அந்த வருஷம் எங்கள் போதகர் பெரிய சபை ஒன்று கூப்பிட்டதும் கிளம்பிப் போய்விட்டார். சின்னச் சபைக்கு வேறு யார் வருவார்கள்? நேடினையே ஊழியராகப் பதிவு செய்து பிரசங்க மேடையில் நிறுத்தலாம் என்று மூப்பர்கள் யோசனை கொண்டுவந்தார்கள். எங்களில் பெண்கள் பிரசங்கிப்பது புதிதல்ல. மாதக் கூட்டத்தில் வில்பர் பெரியவர் வாசித்தார். "நண்பர்களே, தெளிவா?" என்றார். "தெளிவு", "தெளிவு" என்று சுற்றி வந்தது. மெர்ல் காது வரை சிவந்து உட்கார்ந்திருந்தான். நேடின் மடியில் இருந்த கைப்பையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெளிவில்லை," என்றாள் லியோட்டா.

பியானோ ஸ்டூல் கிறீச்சிட்டது கேட்டது. வில்பர் பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். "அப்படியானால் காத்திருப்போம்," என்றார்.

வீட்டுக்கு வந்து கோழிக் குழம்போடு நூடுல்ஸை உருளைக்கிழங்கு மசியல்மேல் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே ஆர்வல் கேட்டுவிட்டான்.

"என்ன தெளிவில்லை உனக்கு?"

"ஏன்னு கேக்கக் கூடாது."

"அது சபையில. இது என் வீடு."

"எனக்கு உள்ள ஒரு பாரம் இருக்கு ஆர்வல். அவ்ளோதான் சொல்ல முடியும்."

"பாரமா, பொகைச்சலா?"

லியோட்டா கரண்டியைக் கீழே வைத்து என் பக்கம் திரும்பினாள். "கிளைட், உன் சிநேகிதனுக்கு மசியல் போதுமாம். தட்டை எடுத்துடு."

நான் எடுக்கவில்லை. எனக்குப் பசி.

பிறகு நடந்தது லியோட்டாவே எதிர்பார்க்காதது. வேறு எந்தச் சபையாக இருந்தாலும் ஊரே சிரித்திருக்கும். மூத்தவள் இளையவளைப் பார்த்துப் பொருமுகிறாள் என்று குழந்தைகூடச் சொல்லும். எங்கள் ஆட்கள் அப்படி யோசிக்கிறவர்கள் இல்லை. வாழ்நாள் முழுக்க வாய் திறக்காத ஒருத்தி வாய் திறந்து தடை சொல்கிறாள் என்றால் அது ஆண்டவரிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று ஒரு மனதாக நம்பிவிட்டார்கள். லியோட்டாவுக்கு என்ன வெளிச்சம் கிடைத்திருக்கும் என்பதுதான் ஊரில் பேச்சு. எல்மா செர்ரிப் பழம் பொதிந்த 'பை' பலகாரம் சுட்டுக்கொண்டு வந்தாள்.

"கேக்கக் கூடாதுதான். கேக்கல. ஆனா லியோட்டா, அந்தத் தண்ணி விஷயமா?"

"எந்தத் தண்ணி?"

"சின்னதுல அவ தலையில தெளிச்சாங்களே."

"நான் ஒண்ணும் சொல்லல எல்மா."

"அதானே, நீ சொல்லமாட்டே. உன் மாதிரி ஆளுங்க சொல்லமாட்டாங்க." எல்மா போகும்போது லியோட்டாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்த மாதிரி அவள் கையை யாரும் அதுவரை பிடித்ததில்லை.

வில்பர் பெரியவர் எழுபது மைல் வண்டி ஓட்டி நூலகம் போய்ப் சபை முன்னோர்களின் எழுத்துகளைப் புரட்டினார். லியோட்டாவின் தடைக்குக் காரணம் இன்னதாக இருக்கலாம் என்று மூப்பர் கூட்டத்தில் மெல்லச் சொல்லிப் பார்த்தார். முன்பெல்லாம் சாப்பாட்டு விருந்தில் அவள் பக்கம் திரும்பிப் பார்க்காமல் போனவர்கள் இப்போது, "நீங்க என்ன நினைக்கிறீங்க லியோட்டா?" என்று கேட்டார்கள். காப்பிப் பாத்திரம் எங்கே வைப்பது என்பதற்குக்கூட. அவளுக்கு இது தித்தித்தது. இல்லை என்று சொன்னால் பொய். அந்த மாதங்களில் அவள் புதிதாக ஒரு நீலக் கவுன் தைத்துக்கொண்டாள்.

இரண்டாவது கூட்டம். "தெளிவா?" "எனக்கு இன்னும் தெளிவில்லை." காத்திருந்தோம். மூன்றாவது கூட்டம். அப்படியே.

நேடின் மௌன நேரத்தில் எழுவதை நிறுத்திவிட்டாள். முதல் ஞாயிறு யாரும் கவனிக்கவில்லை. இரண்டாவது ஞாயிறு எல்லாரும் அவள் இருக்கும் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பழகிவிட்டது. கடிகாரமும், ஜன்னல் சட்டத்தில் காற்று இரைவதும், யாருடைய வயிறோ கடமுடா என்பதும் மட்டும். நேடின் உதட்டுச் சாயம் போடுவதை விட்டாள். கன்னம் ஒட்டிப்போயிற்று. மெர்ல் அண்ணனோடு பேசுவதைக் குறைத்தான். பேசினாலும் "டீசல் ரொப்பணும்", "பெல்ட் மாத்தணும்" என்பதோடு சரி. ஒரே தொழுவத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தார்கள் இரண்டு பேரும்.

நேடினின் வாய் மூடினால் தனக்கு நிம்மதி வரும் என்று லியோட்டா நினைத்திருந்தாள். வரவில்லை. அவள் பேசும்போது அந்தப் பேச்சின்மேல் பொறாமை. பேசாதபோது எல்லாரும் அவளையே பார்க்கிறார்களே என்று அந்த மௌனத்தின்மேல் பொறாமை. "பேசாம உக்காந்தே ஊரை மயக்குறா பாரு," என்றாள் ஒருநாள் என்னிடம். அவளே சொல்லிவிட்டு அவளே திகைத்து நின்றாள்.

ஜூன் கடைசியில் அறுப்பு. வெயில் என்றால் வெயில், காற்று அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. மேற்கே மேகம் கறுத்துத் திரண்டுகொண்டிருந்தது. ஆலங்கட்டி விழுந்தால் ஒரு வருஷப் பாடு அரை மணியில் போய்விடும். ஆர்வல் அறுப்பு மெஷினில், நானும் மெர்லும் லாரியில். மதியச் சாப்பாட்டைப் பெண்கள் இருவரும் காட்டுக்கே கொண்டுவந்தார்கள். பன்றித் தொடை இறைச்சி வைத்த ரொட்டி, ஊறுகாய் வெள்ளரி, ஐஸ் போட்ட தேநீர். அண்ணன் தம்பி இருவரும் ரொட்டியைக் கையில் வாங்கிக்கொண்டே திரும்பிப் போய்விட்டார்கள். நான் லாரிக்கு அடியில் நிழலில் கிடந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்திருப்பார்கள். தூங்கவில்லை.

"அக்கா," என்றாள் நேடின். "கேக்கக் கூடாதுன்னு தெரியும்."

"அப்ப கேக்காதே."

"என்னால முடியல அக்கா. என்கிட்ட என்ன பாத்தீங்க? சொல்லிட்டீங்கன்னா திருத்திக்கிறேன். ராத்திரி பகலா யோசிச்சுப் பாத்துட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் தோணுது. அதைத்தான் பாத்துட்டீங்க, இல்ல?"

ஜாடியில் ஐஸ் குலுங்கியது.

"நீங்க தொழுவத்துப் பக்கம் வந்தப்போ கேட்டிருப்பீங்க. சனிக்கிழமை சனிக்கிழமை நான் மாடுங்க முன்னாடி நின்னு சொல்லிப் பாப்பேன். மறுநாள் பேசறதை. எங்க நிறுத்தணும், எங்க குரலைத் தாழ்த்தணும், எல்லாம். ஆவியானவர் அப்பத்தான் குடுத்த மாதிரி எழுந்து நிப்பேன். ஒரு ஞாயிறுகூட அது அப்ப வந்ததில்ல அக்கா. எல்லாம் மாட்டுக்குச் சொன்னது." அவள் அழுதுகொண்டிருந்தாள். "நீங்க ஒருத்தருக்கும் சொல்லாம, தெளிவில்லைன்னு மட்டும் சொன்னீங்க பாருங்க. வேற யாராயிருந்தாலும் என் மானத்தை வாங்கியிருப்பாங்க."

லியோட்டாவுக்கு அப்படி ஒன்றுமே தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

"சாப்பிடு," என்றாள் லியோட்டா. அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. "மழை வருது."

மழை வடக்கே ஒதுங்கிப் போயிற்று. கோதுமை தப்பித்தது. அந்த வாரம் முழுக்க லியோட்டா கால் தரையில் படாமல் நடந்தாள். அறுப்பு முடிந்த சனிக்கிழமை, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே ஆர்வலிடம் கொட்டிவிட்டாள். ஆர்வல் என்னிடம் சொன்னது இது.

"பாத்தியா? என்னைப் பொகைச்சல்னியே! ஆவியானவர் காரணமில்லாம ஒருத்தியை எழுப்புவாரா? நாளைக்குக் கூட்டத்துல சொல்லிடப் போறேன். அத்தனையும் நாடகம்! ஒத்திகை பாத்துட்டு வர்றா! மாட்டுக்கு முன்னாடி!"

ஆர்வல் பூட்ஸைக் கழற்றி வைத்தான். "நீ சனிக்கிழமை கிழங்கு உரிக்கும்போது யார்கிட்ட பேசறே லியோட்டா?"

"நானா? யார்கிட்டயும் இல்லயே."

"முப்பது வருஷமா கேக்கறேன். ஜன்னலுக்கு வெளிய. மரித்தவங்களைப் பத்தி ஒண்ணு சொல்லுவியே. மன்னிப்பைப் பத்தி ஒண்ணு. கெணத்துத் தண்ணியைப் பத்தி ஒண்ணு, அது ரொம்ப நல்லா இருக்கும்."

அவள் கத்தியோடு நின்றுவிட்டாளாம்.

"பூட்ஸ் கழட்ட அவ்ளோ நேரமா ஆகும் ஒரு மனுஷனுக்கு? வாசல்ல நின்னு முழுசாக் கேட்டுட்டுத்தான் உள்ள வருவேன். ஞாயித்துக்கிழமை எழுந்திரிப்பே, எழுந்திரிப்பேன்னு பக்கத்துல உக்காந்து பாப்பேன். நீ எழுந்திரிக்கமாட்டே."

"எனக்குக் குடுக்கல ஆர்வல். அதான் எழுந்திரிக்கல."

"குடுத்துது. நீ பயந்துட்டே. அவ பயப்படல. அவளுக்கும் உனக்கும் அவ்ளோதான் வித்தியாசம்."

லியோட்டா கையிலிருந்த உருளைக்கிழங்கை அவன்மேல் எறிந்தாள். பட்டது என்றும் வலித்தது என்றும் ஆர்வல் சொன்னான்.

மறுநாள் ஆராதனை முடிந்து மாதக் கூட்டம். கீழ்த்தளத்திலிருந்து கோழிக்கறி வாசனை மேலே வந்துகொண்டிருந்தது. வில்பர் பெரியவர் நாலாவது தடவையாக அதையே வாசித்தார். "நண்பர்களே, தெளிவா?" யாரும் முனகக்கூட இல்லை. எல்லார் கண்ணும் பியானோ பக்கம் போயிற்று. நேடின் தலையைக் குனிந்துகொண்டாள். இன்று சொல்லிவிடுவாள் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மாடு, தொழுவம், ஒத்திகை எல்லாம் லியோட்டாவின் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் சபை அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளும். நேடின் இனி இந்த ஊரில் வாய் திறக்க முடியாது.

லியோட்டா எழுந்தாள். பியானோவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெளிவில்லைன்னு சொன்னேன். அது பொய். எனக்கு ரொம்பத் தெளிவாத்தான் இருந்துச்சு. பொறாமை."

எங்கோ ஒரு நாற்காலி நகர்ந்தது.

"நீங்கள்லாம் அதை வெளிச்சம்னு நினைச்சீங்க. பை சுட்டுட்டு வந்தீங்க. நானும் தின்னேன்." அவள் எல்மாவைப் பார்த்தாள். "நல்லாத்தான் இருந்துச்சு. நான் சின்னப் பிள்ளையிலேருந்து எனக்கு ஒரு வார்த்தை குடுங்கன்னு கேட்டவ. சனிக்கிழமை சமையக்கட்டுல சொல்லிச் சொல்லிப் பாப்பேன். அப்படிச் செய்யறது தப்புன்னு தெரியும். ஆனாலும் செய்வேன். ஞாயித்துக்கிழமை கால் எழுந்திரிக்காது. இவ வந்த மூணாவது வாரமே எழுந்தா. நான் அவளை மன்னிக்கல. இந்த நிமிஷம்கூட முழுசா மன்னிக்கல. கர்த்தர்மேல கோவம், அவ தலையில எறக்கினேன். தெளிவு, வில்பர். எழுதிக்குங்க. என் வயித்தெரிச்சல் என் கணக்கு. சபைக் கணக்குல அதைச் சேக்காதீங்க."

உட்கார்ந்தாள்.

நான் அந்தச் சபையில் பிறந்து வளர்ந்தவன். அங்கே அப்படி ஒரு அழுகையை நான் பார்த்ததில்லை. முதலில் எல்மா உடைந்து அழுதாள். அது எதிர்பார்த்ததுதான். பிறகு மூப்பர்கள். பிறகு வருஷத்தில் ஒருநாள் மட்டும் சபைக்கு வரும் ஆட்கள். மெர்ல் எழுந்து போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். ஆர்வல் தூசி என்று சொல்லக்கூட முயலவில்லை, ஓவென்று அழுதான். வில்பர் பெரியவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எழுதவேண்டியதை எழுத முடியாமல் வெகுநேரம் இருந்தார். கடைசியில், "நேடின் ஹாக்கெட்டை ஊழியராகப் பதிவு செய்கிறோம். தெளிவா?" என்று கரகரத்தார். "தெளிவு" என்று இடி மாதிரி வந்தது.

கீழ்த்தளத்தில் விருந்து. கோழி, நூடுல்ஸ், கேரட் போட்ட ஆரஞ்சு ஜெல்லி. லியோட்டாவைச் சுற்றிக் கூட்டம். ஆளாளுக்கு வந்து கட்டிப்பிடித்தார்கள். என் வாழ்நாளில் இப்படி ஒரு சாட்சி கேட்டதில்லை என்றார் வில்பர். சின்னப் பெண்கள்கூட வந்து கையைப் பிடித்தார்கள். நேடினுக்கும் வாழ்த்துச் சொன்னார்கள். சொல்லாமல் இல்லை. போகிற வழியில் தோளைத் தட்டிவிட்டு லியோட்டா இருக்கும் மேஜைக்குப் போனார்கள்.

எல்லாரும் போனபின் ஓரகத்திகள் இருவரும் பாத்திரம் கழுவினார்கள். லியோட்டா தேய்த்தாள், நேடின் துடைத்தாள். நான் நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க என்னைக் காட்டிக் குடுக்கல," என்றாள் நேடின். "சனிக்கிழமை சொல்லிப் பாக்கற என் பழியை உங்க பழி மாதிரி சொன்னீங்க."

"என் பழியைத்தான் சொன்னேன். உனக்கும் அதே பழின்னா நான் என்ன பண்ணட்டும்?"

நேடின் இரண்டு தட்டைத் துடைத்து அடுக்கினாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா காறித் துப்புவீங்க."

"சொல்லு."

"ஏழு வருஷமா பேசறேன். அழுவாங்க, கண்ணைத் தொடைச்சுப்பாங்க, சாப்பிடப் போயிடுவாங்க. இன்னைக்கு ஒருத்தருக்கும் கண்ணைத் தொடைக்கக்கூடத் தோணல. வில்பர் பேனாவைக் கீழே வெச்சுட்டாரு. என் பேரைப் பதிவு பண்ற நாளு, ஒருத்தர்கூட என் பக்கம் திரும்பல." ஈரத் தட்டைக் கையில் பிடித்தபடியே சொன்னாள். "அதுவும் நீங்க ஒத்திகை பாக்காமப் பேசினது. எனக்குத் தெரியும், ஒத்திகை பாத்தா அப்படி வராது. எனக்கு அது வந்ததேயில்ல அக்கா. வயிறு எரியுது."

லியோட்டா தேய்ப்பதை நிறுத்தினாள். ஓரகத்தியின் முகத்தை மேலும் கீழும் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் பரவியது. விசுவாசிக்கு ஆகாத சந்தோஷம், குவேக்கருக்கும் ஆகாது. அதை மறைக்க அவள் முயன்ற மாதிரியும் தெரியவில்லை.

"எரியட்டும்," என்றாள். "ஏழு வருஷம் எனக்கு எரிஞ்சுது, நான் செத்தா போயிட்டேன்? தட்டுல ஈரம் நிக்குது பாரு, நல்லாத் தொடை."